தூங்கவே இல்லை: இணைய எழுத்தும் எழுதியவரின் ஆளுமையும்

‘நேற்று ராத்திரி தூங்கவே இல்லை’ என்று ஒருவர் முகநூலில் எழுதுகிறார். இந்த நான்கு சொற்கள்தான், வேறொன்றும் இல்லை. தூங்காதவர் எழுதியவரே என்பது தமிழ் தெரிந்த யாருக்கும் படித்த கணமே விளங்கிவிடும். ஆனால் வாக்கியத்தில் ‘நான்’ கிடையாது. ‘தூங்கினேன்’ என்பதில் உள்ளதுபோல ‘ஏன்’ விகுதிகூடக் கிடையாது. ‘இல்லை’ என்பது எனக்கும் உனக்கும் அவருக்கும் பொதுவான சொல். தன்னைக் குறிக்கும் ஓர் எழுத்துகூட வைக்காமல் ஒருவர் தன்னைப் பற்றி எழுதிவிட்டார்.

ஒருவர் இணையத்தில் எழுதுவதை வைத்து அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல முடியுமா? கால்நூற்றாண்டாக உளவியலாளர்களும் கணினி அறிஞர்களும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அதிகம் எண்ணிய சொற்களில் ஒன்று ‘நான்’. அதனால்தான் ‘நான்’ இல்லாத வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். இந்த ஆய்வுகளைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்ததில் எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. எழுத்து, கூட்டத்தைப் பற்றி உண்மை சொல்கிறது. தனி ஆளைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம். முன்னதைக் காட்டிப் பின்னதை விற்கும்போது அநியாயம் நடக்கிறது. தமிழில் எழுதுகிறவர்களைப் பொறுத்தவரை, முன்னதையே இனிமேல்தான் சரியாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

சொல்லில் குணம் தங்கியிருக்கிறது என்ற எண்ணம் இணையத்தைவிட மிகப் பழையது. மனிதர்களின் குணத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள் உண்டு என்று 1884இல் ஃபிரான்சிஸ் கால்ட்டன் ஒரு சொற்களஞ்சியத்தைப் புரட்டிப் பார்த்தார். ஆயிரம் தேறும் என்பது அவர் மதிப்பீடு. 1936இல் அமெரிக்க உளவியலாளர்கள் கோர்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பெர்ட்டும் வெப்ஸ்டர் அகராதி முழுவதையும் அலசி 17,953 சொற்களைப் பட்டியலிட்டார்கள். ஒரு சமூகத்துக்கு முக்கியமாகப் படும் குணவேறுபாடு எதுவானாலும் அதற்கு மொழியில் ஒரு சொல் பிறந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பின்னால் வந்தவர்கள் அந்தச் சொற்களை ஆட்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். சேர்ந்தே வருகிற சொற்களை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டே போய், ஐந்து கட்டுகளில் வந்து நின்றார்கள். புதியதை நாடும் மனம், பொறுப்புணர்வு, புறமுகத் தன்மை, இணக்கம், மனச்சலனம் ஆகியவைதான் ஆய்வுலகம் ‘பெரிய ஐந்து’ என்று அழைப்பவை. ஐந்தும் பெட்டிகள் அல்ல, அளவுகோல்கள். எல்லோரிடமும் எல்லாம் உண்டு. கூடுதல் குறைவுதான் வேறுபாடு.

பொதுமக்களிடம் புகழ்பெற்றதோ பெட்டிகள்தான். கார்ல் யுங் 1921இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ‘உளவியல் வகைகள்’ நூலிலிருந்துதான் இன்ட்ரோவெர்ட் (அகமுகர்), எக்ஸ்ட்ரோவெர்ட் (புறமுகர்) என்ற சொற்கள் இன்று கல்லூரி விடுதி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த நூலைப் படித்து உந்துதல் பெற்ற காதரின் பிரிக்ஸ் என்ற அம்மையாரும் அவர் மகள் இசபெல் மையர்ஸும், உளவியலை முறையாகப் பயிலாதவர்கள், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். அதுதான் எம்.பி.டி.ஐ. நான்கு இரட்டைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தால் நான்கெழுத்து முத்திரை ஒன்று கிடைக்கும். மொத்தம் 16 வகை. ‘நான் ஐ.என்.எஃப்.பி.’ என்று தன் அறிமுகக் குறிப்பில் எழுதிவைக்கும் இளைஞர்கள் நம் ஊரிலும் நிறைய.

இதில் உள்ள கோளாறு எளிதாகப் புரியக்கூடியது. ஐந்தடி ஐந்தங்குலத்துக்கு மேலே உள்ளவர் நெட்டை, கீழே உள்ளவர் குட்டை என்று கோடு போட்டால், கோட்டை ஒட்டி நிற்கும் பெருங்கூட்டத்துக்கு அந்தப் பெயர்களால் என்ன பொருள்? காலையில் அளந்தால் நெட்டை, சாயங்காலம் குட்டை. எம்.பி.டி.ஐ.யை ஆராய்ந்த டேவிட் பிட்டெங்கர் 1993இல் எழுதிய திறனாய்வில் இதைத்தான் காட்டினார். ஐந்து வாரம் கழித்து அதே தேர்வை மறுபடி எழுதினால், பாதிப் பேர்வரை வேறொரு வகைக்குள் போய் விழுகிறார்கள்.

இருந்தும் ‘அப்படியே என்னைச் சொல்கிறது’ என்று ஏன் தோன்றுகிறது? இதற்கு 1949இலேயே பதில் கிடைத்துவிட்டது. பெர்ட்ரம் ஃபோரர் என்ற ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு குணச்சித்திரம் எழுதிக் கொடுத்தார். எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகள் தெருக்கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து திரட்டியவை. வார ராசிபலன் படித்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுத்தை வைத்து ஆளைச் சொல்வதாக எந்தச் செயலி வந்தாலும், அந்தத் தாளை நினைத்துக்கொண்டுதான் திறக்கிறேன்.

சோதிடத்திலிருந்து அறிவியலுக்கு இந்தக் கேள்வியை நகர்த்தியவர்களில் முதன்மையானவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பென்னிபேக்கர். மனத்தை அழுத்தும் சம்பவங்களை எழுதி வைப்பது உடல்நலத்துக்கு உதவுகிறதா என்று 1980களில் ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். குவிந்த தாள்களைப் படித்து வகைப்படுத்த ஆள் போதவில்லை. சொற்களை எண்ணும் ஒரு கணினி நிரலை எழுத வைத்தார். ‘லூக்’ என்று உச்சரிக்கப்படும் அந்த நிரல்தான் இன்றுவரை இத்துறையின் தராசு. அவர் கண்டது கொஞ்சம் வியப்பானது. ஆளைக் காட்டிக்கொடுப்பவை கனமான சொற்கள் அல்ல. நான், நாம், அந்த, ஆனால், இருந்து போன்ற பொருளுக்கு ஆங்கிலத்தில் உள்ள சின்னஞ்சிறு சொற்கள், அகராதியில் சில நூறே இருந்தும், எழுதுவதில் பாதிக்கு மேல் இடம்பிடிப்பவை. எதைப் பற்றி எழுதுவது என்று நாம் யோசிக்கிறோம். இவற்றை யோசித்துப் போடுவதில்லை. 1999இல் லாரா கிங்குடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, ஒருவர் சொற்களைக் கையாளும் விதம் நாள் மாறினாலும் தலைப்பு மாறினாலும் ஓரளவு நிலையாக இருக்கிறது என்று நிறுவியது. நடையைப் போல, கையெழுத்தைப் போல.

பிறகு இணையம் பெருகியது, தரவும் பெருகியது. 2010இல் டால் யார்க்கோனி, வலைப்பதிவு எழுதும் 694 பேரின் எழுத்தை, ஆளுக்குச் சராசரியாக ஒரு லட்சம் சொல்லுக்கு மேல், அவர்களுடைய பெரிய ஐந்து மதிப்பெண்களோடு ஒப்பிட்டார். புறமுகத் தன்மை கூடியவர்கள் எழுத்தில் மதுக்கூடம், உணவகம், நடனம் போன்ற சொற்கள் மிகுந்திருந்தன. மனச்சலனம் கூடியவர்களிடம் மோசம், சோம்பல், சோர்வூட்டும் என்ற சாயலில். புதியதை நாடுகிறவர்களிடம் கவிஞர், கலை, பிரபஞ்சம். கூடவே ஆங்கிலத்தில் ‘உடைய’ என்ற பொருளுக்கு வழங்கும் குட்டிச் சொல்லும். 2013இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஷ்வார்ட்ஸ் குழுவினர் 75,000 தன்னார்வலர்களின் முகநூல் பதிவுகளை அலசினார்கள். 70 கோடி சொற்களும் சொற்றொடர்களும். புறமுகர்களிடம் ‘பார்ட்டி’ மேலெழுந்தது. அகமுகர்களிடம் கணினி, இணையம், ஜப்பானியக் கார்ட்டூன். மனம் சலனப்படாதவர்களிடம் விளையாட்டு. படிக்கும்போது, இதற்கா இத்தனை கணினி என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிர்பார்த்தது எண்ணிக்கையில் உறுதியாவதும் அறிவுதான். அளவு தெரிந்தால்தான் எவ்வளவு நம்பலாம் என்று தெரியும்.

அந்த அளவைத்தான் செய்தித்தாள்கள் சொல்லாமல் விடுகின்றன. அதே பென்சில்வேனியா குழுவிலிருந்து கிரெகரி பார்க்கும் பிறரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, 66,000க்கும் மேற்பட்டோரின் பதிவுகளில் பழக்கிய கணினிக் கணிப்பு, அந்தந்த ஆள் தன்னைப் பற்றித் தானே கொடுத்த மதிப்பெண்ணோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்த்தது. ஒட்டுறவுக் கெழு (தொடர்பே இல்லையென்றால் 0, முழுப் பொருத்தமென்றால் 1) சராசரியாக 0.38. அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2018ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது: இணக்கத்துக்கு 0.29, புறமுகத் தன்மைக்கு 0.40. உளவியலில் இது நல்ல எண். ஆனால் அன்றாடக் கணக்கில் இதன் பொருள் என்ன? நூறு பேரைக் கொடுத்து, இவர்களில் யார் சராசரிக்கு மேல், யார் கீழ் என்று கேட்டால், காசைச் சுண்டிப் போட்டாலே ஐம்பது பேரைச் சரியாகச் சொல்லிவிடலாம். 0.38 கெழு உள்ள கணினி ஏறத்தாழ 62 பேரைச் சரியாகச் சொல்லும். அந்தப் பன்னிரண்டு பேர்தான் இத்தனை ஆண்டு உழைப்பின் விளைச்சல். ஒரு நாட்டின் மனநிலையை, ஒரு தலைமுறையின் கவலையை அளக்க அது தாராளம். வேலைக்கு விண்ணப்பித்து எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரை எடைபோட அது போதாது.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இன்னொரு முடிச்சு உண்டு. கணினியின் கணிப்பை எதோடு ஒப்பிடுகிறார்கள்? எழுதியவரே நிரப்பிய கேள்வித்தாளோடு. ‘நான் ஒழுங்கானவன்’ என்று நினைப்பவர் அப்படித்தான் நிரப்புவார், அப்படித்தான் எழுதவும் செய்வார். எழுத்தும் விடைத்தாளும் ஒத்துப்போனால், ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் சித்திரம் இரண்டு இடத்திலும் ஒன்று என்றுதான் ஆகிறது. அவர் வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்பது வேறு விஷயம். இதற்கு ஓரளவு ஈடு செய்தவர்கள் ஜெர்மனியின் மிட்ஜா பாக்கும் கூட்டாளிகளும். 2010இல் 236 பேரின் சமூக வலைப் பக்கங்களை முன்பின் தெரியாதவர்களிடம் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். வந்த மதிப்பீடு, அந்த 236 பேரும் ‘இப்படி இருக்க ஆசை’ என்று சொன்னதைவிட, அவர்களையும் நண்பர்களையும் கேட்டு எடுத்த குணச்சித்திரத்தோடுதான் அதிகம் ஒத்துப்போனது. இணையத்தில் எல்லோரும் வேஷம் போடுகிறார்கள் என்ற பொதுப்பேச்சுக்கு அது ஒரு நல்ல பதில்.

வகைகளின் கதைக்கு வருகிறேன். 2015இல் பார்பரா பிளாங்கும் டர்க் ஹோவியும் தங்கள் எம்.பி.டி.ஐ. முத்திரையைத் தாங்களே டுவிட்டரில் அறிவித்திருந்த 1,500 பேரின் 12 லட்சம் கீச்சுகளைச் சேகரித்தார்கள். அகமுகமா புறமுகமா, சிந்தனையா உணர்ச்சியா என்ற இரண்டு இரட்டைகளைக் கணினியால் ஓரளவு கணிக்க முடிந்தது. மற்ற இரண்டும் பிடிபடவில்லை. முத்திரையை அறிவிக்கிறவர்களில் அகமுகர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைப் போலவே, தரவுத் தொகுப்புகளைப் பகிரும் கேகிள் தளத்தில் கிடைக்கும் 8,600க்கும் மேற்பட்டோரின் எழுத்துத் தொகுப்பை வைத்து ஏராளமான மாணவர்கள் ‘ஆளுமைக் கணிப்பான்’ செய்கிறார்கள். தொகுப்பில் இருப்பவர்கள் ஆளுமை வகைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள். தங்கள் முத்திரையைப் பதிவுக்குள்ளேயே எழுதிவைத்திருப்பார்கள். அந்த நான்கெழுத்துகளை நீக்காமல் பழக்கினால் கணினி படிப்பது குணத்தை அல்ல, விடையை. இந்தத் தவறோடு வெளிவரும் துல்லியக் கணக்குகளைப் பார்க்கும்போதெல்லாம், அவற்றை நம்பித் தன்னைப் புரிந்துகொள்ள முயலும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை நினைத்து வருத்தப்படுகிறேன்.

‘நான்’ என்ற சொல்லுக்கு வருவோம். ‘நான் நான்’ என்று எழுதுகிறவன் தற்பெருமைக்காரன் என்பது எல்லா ஊரிலும் உள்ள நம்பிக்கை. 2015இல் ஏஞ்சலா கேரியும் கூட்டாளிகளும் 4,811 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். தொடர்பு இல்லை. சுழியை ஒட்டிய எண்தான் கிடைத்தது. மாறாக, மனச்சோர்வில் இருப்பவர்கள்தான் ‘நான்’ சற்றே அதிகம் எழுதுகிறார்கள் என்பது 2004இல் ஸ்டெஃபனி ரூட் குழுவினர் கல்லூரி மாணவர் கட்டுரைகளில் கண்டது. வலிக்கும் பல்லை நாக்கு தேடிப் போவதுபோல, நோகும் மனம் தன்னையே தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது. 2019இல் அமெரிக்கா, ஜெர்மனி இரண்டிலும் 4,700க்கும் மேற்பட்டோரிடம் அலிசன் டாக்மன் குழுவினர் இதையே பார்த்தபோது கெழு 0.10 வந்தது. தொடர்பு உண்டு, ஆனால் காசு சுண்டும் கணக்கில் நூற்றுக்கு 53.

அதற்கும் மேலே ஒரு செய்தி 2024இல் வந்தது. சன்னி ராய் தலைமையிலான குழு, முகநூலில் எழுதும் அமெரிக்கர்கள் 868 பேரை, வெள்ளையரும் கறுப்பினத்தாரும் சம அளவில் இருக்கும்படி எடுத்து ஆராய்ந்தது. ‘நான்’ மிகுவது வெள்ளையரிடம் மனச்சோர்வின் அடையாளமாக இருந்தது; கறுப்பினத்தாரிடம் அப்படி இல்லை. ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே தளம். இந்த ஆய்வு என்னை உலுக்கியது. இருபது ஆண்டாக மனிதருடைய பொது இயல்பு என்று நாம் படித்து வந்தது, மனிதர்களில் ஒரு பகுதியினரின் பழக்கமாக இருந்திருக்கிறது. பெரிய ஐந்துக்குமே இதே கதி நேர்ந்ததுண்டு. பொலிவியாவின் காட்டுப்பகுதியில் வாழும் சிமானே மக்கள் 632 பேரிடம் மைக்கேல் கர்வன் குழுவினர் 2013இல் சோதித்தபோது ஐந்து கட்டுகள் சேரவே இல்லை. பிறரோடு ஒத்து வாழ்வது, உழைப்பு என்ற இரண்டுதான் மங்கலாகத் தென்பட்டன.

அப்படியானால் தமிழ்? நம் மொழியின் கட்டுமானமே அந்தத் தராசுக்கு வேறு சரக்கு. ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்களாக நிற்பவை இங்கே உருபாகவும் விகுதியாகவும் இடைச்சொல்லாகவும் சொல்லுக்குள் புகுந்துவிடுகின்றன. ‘போய்விட்டாராமே’ என்று ஒருவர் எழுதுகிறார். இடைவெளி பார்த்து எண்ணும் கருவிக்கு அது ஒரே சொல். தமிழருக்கு அதில் ஐந்து செய்தி: போனது, போனது போனதுதான் என்பது, போனவர் மீதுள்ள மரியாதை, தான் நேரில் பார்க்கவில்லை கேள்விப்பட்டது என்பது, அதோடு கடைசி ஏகாரத்தில் ஒரு திடுக்கிடல். பென்னிபேக்கர் தேடிய யோசிக்காமல் வந்து விழும் சின்னத் துணுக்குகள் நம்மிடம் வண்டி வண்டியாக உண்டு. அவை இருக்கும் இடம் வேறு, அவ்வளவே.

‘ஆம்’ ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். ‘மழை வருமாம்’, ‘அவர் நல்லவராம்’. தான் சொல்வதற்குத் தான் பொறுப்பில்லை என்பதை ஒரே அசையில் சொல்லிவிடுகிறோம். சிலர் எழுத்தில் ‘ஆம்’ அடிக்கடி வரும், சிலர் ‘போலும்’ என்பார்கள், சிலர் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘தான்’ போட்டு ஆணியடிப்பார்கள். ஆங்கிலத்தில் உறுதியையும் தயக்கத்தையும் காட்டும் தனிச் சொற்களை எண்ணுகிறார்கள். தமிழில் ஒரு தயக்கக்காரரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் இந்த ஒட்டுகளைத்தான் எண்ண வேண்டும்.

‘நாம்’ இன்னும் சிக்கல், இன்னும் சுவாரசியம். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மை ஒன்றுதான். நமக்கு இரண்டு: கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் நாம், விலக்கி நிறுத்தும் நாங்கள். தங்களைப் பன்மையில் குறிப்பவர்கள் குழு உணர்வு உள்ளவர்கள் என்று ஆங்கில ஆய்வு சொன்னால், ‘நாம்’ என்று எழுதுபவரையும் ‘நாங்கள்’ என்று எழுதுபவரையும் ஒரே தட்டில் வைப்பதா? ஓர் அரசியல் சண்டையில் முன்னது அணைப்பு, பின்னது எல்லைக்கோடு. இதற்கும் மேலே, ‘நமக்கு இதெல்லாம் ஒத்து வராதுப்பா’ என்பவர் பேசுவது தன்னைப் பற்றி மட்டும். அந்த ‘நமக்கு’ பணிவா, ஒதுங்கலா, பக்கத்தில் இருப்பவரைத் தோளில் கைபோட்டு இழுப்பதா என்பது ஆளைப் பொறுத்து, ஊரைப் பொறுத்து. பிறகு அவன், அவர், அவங்க என்ற தேர்வு. முன்பின் அறியாத ஒரு நடிகையைப் பின்னூட்டத்தில் ‘அவ’ என்று எழுதுபவரைப் பற்றி அந்த ஈரெழுத்து சொல்வது நிறைய. அது ஆளுமை வகையா, வளர்ந்த சூழலா, சாதி, பால் வழியாகப் படிந்த வழக்கமா என்று பிரித்துச் சொல்ல எந்த எண்ணிக்கையாலும் ஆகாது.

நம்மில் பலர் ஒரே நாளில் மூன்று பேராக எழுதுகிறோம் என்பதும் உண்டு. முகநூலில் எழுத்துத் தமிழ், குடும்ப வாட்ஸ்அப்பில் பேச்சுத் தமிழ், அலுவலக நண்பர்களுக்கு ஆங்கில எழுத்தில் தமிழ். மூன்றில் எது அந்த ஆள்? 2020இல் ஆய்வாளர்கள் சிலர் யூடியூபில் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதப்பட்ட 15,744 பின்னூட்டங்களைத் திரட்டி, அவை பாராட்டா, வசையா, கலவையா என்று மனிதர்களைக் கொண்டு குறியிட்டு வெளியிட்டார்கள். மதிப்புக்குரிய உழைப்பு. ஆனால் அது ஒரு வாக்கியத்தின் உணர்ச்சியை அளப்பது; எழுதியவரின் குணத்துக்குப் போக இன்னும் நெடுந்தூரம். தொல்காப்பியம் மெய்ப்பாடு என்று எட்டு உணர்வுகளைப் பேசும்போது அவை உடம்பில் தெரிபவை, பார்ப்பவருக்குப் புலப்படுபவை. இணையத்தில் மெய் இல்லை. முகத்தைப் பார்க்காமல் எழுதும்போது மனிதர்களின் கட்டு அவிழ்ந்துவிடுகிறது என்று ஜான் சூலர் 2004இல் விளக்கினார். நேரில் சாந்தமான ஒருவர் பின்னூட்டத்தில் சீறுவது அவருடைய மறைந்திருந்த நிஜம் என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். சூலர் அப்படிச் சொல்லவில்லை; அதுவும் அவர்தான், இதுவும் அவர்தான், சூழல் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தை வெளியே இழுக்கிறது என்பது அவர் கருத்து. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

இத்தனை குறைகளோடும் இந்த அறிவு நல்லதுக்குப் பயன்பட்டிருக்கிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்த 683 பேர், தங்கள் முகநூல் பதிவுகளையும் மருத்துவக் கோப்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒப்புதல் தந்தார்கள். அவர்களில் 114 பேருக்கு மனச்சோர்வு என்று கோப்பில் பதிவாகியிருந்தது. மருத்துவர் அதைப் பதிவு செய்வதற்கு முன்பு எழுதிய பதிவுகளிலேயே அதன் சாயல் தெரிந்தது, வழக்கமான கேள்வித்தாள் காட்டும் அளவுக்கு. கேட்டுக்கொண்டு, அனுமதி பெற்று, உதவி செய்வதற்காகப் பார்த்தது அது.

எடைபோடுவதற்காகப் பார்ப்பதற்கும் பஞ்சமில்லை. 2016 நவம்பரில் பிரிட்டனின் அட்மிரல் காப்பீட்டு நிறுவனம் புதிதாக வண்டி ஓட்டும் இளைஞர்களின் முகநூல் பதிவுகளைப் படித்துக் கட்டணச் சலுகை தரத் திட்டமிட்டது. சுருக்கமாக எழுதுபவர், பட்டியல் போடுபவர், ‘சாயங்காலம் பார்க்கலாம்’ என்று விடாமல் நேரமும் இடமும் குறிப்பிடுபவர் கவனமாக ஓட்டுவாராம். ஆச்சரியக்குறியும் ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ போன்ற சொற்களும் தூவுபவர் ஆபத்தானவராம். இளைஞர்கள் விருப்பப்பட்டுச் சேரும் திட்டம்தான் என்றது நிறுவனம். சலுகைக்காகத் தன் மனதைத் திறந்து காட்டுவது எவ்வளவு விருப்பம் என்பது வேறு கேள்வி. முகநூல் நிறுவனமே தன் விதிகளைக் காட்டி அதைத் தடுத்தது. அந்த ஏற்பாடு நடந்திருந்தால், உற்சாகமாக எழுதும் ஒரு பிள்ளை அதற்காகவே அதிகப் பணம் கட்டியிருப்பான். 62 பேரைச் சரியாகவும் 38 பேரைத் தவறாகவும் சொல்லும் தராசில் அந்த 38 பேர் யாரிடம் போய் முறையிடுவது?

கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரம் 2018இல் வெடித்தபோது, ஏறத்தாழ 2,70,000 பேர் எழுதிய ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலி வழியாக 8.7 கோடிப் பேர்வரையிலானோரின் தகவல் போயிருக்கலாம் என்று முகநூல் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர். நட்பு வளையம் வழியாகச் சிக்கியவர்களையும் சேர்த்துப் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் மொத்தம் 5,62,455 பேர். அங்கே எடுக்கப்பட்டவை பெரும்பாலும் பதிவுகள் அல்ல, விருப்பக்குறிகள். ஆனாலும் ‘உன் ஆளுமையைத் தெரிந்துகொள்’ என்ற அழைப்பு எவ்வளவு நல்ல தூண்டில் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அதற்குப் பிறகு நம் நாடாளுமன்றம் 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. பொதுப்பதிவாக நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் அந்த வேலிக்கு வெளியேதான் கிடக்கிறது. எழுதியதைப் படிப்பதற்கு அனுமதி வேண்டாம், சரி. எழுதியதிலிருந்து எழுதாத ஒன்றை, என் மனச்சலனத்தின் அளவை, கணக்கிட்டு எடுத்து இன்னொருவருக்கு விற்பதற்குமா வேண்டாம்? இந்தக் கேள்வியைச் சட்டம் தொட்டிருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இப்போது வேலை இன்னும் மலிவாகிவிட்டது. ஹைன்ரிச் பீட்டர்ஸும் சாண்ட்ரா மாட்ஸும் 2024இல் வெளியிட்ட ஆய்வில், இதற்கென்று எந்தப் பயிற்சியும் பெறாத சாட்ஜிபிடி வகை மாதிரிகளிடம் முகநூல் பதிவுகளைக் கொடுத்துக் குணம் கேட்டார்கள். சராசரிக் கெழு 0.29. தனியாக ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு கேள்வி போதும். அதே சமயம் எழுதுபவர்களும் அதே மாதிரிகளைக் கொண்டு எழுதத் தொடங்கிவிட்டார்கள். ‘ஆம்’களும் ‘தான்’களும் இழைக்கப்பட்டு வழவழப்பாக வரும் அந்த எழுத்தில் யாருடைய குணத்தை யார் படிப்பது?

தமிழுக்கு என்று ஒரு தராசு செய்ய வேண்டுமானால், ஒப்புதல் தந்தவர்களின் எழுத்து வேண்டும், மதுரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும், ஒரே ஆள் மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியது வேண்டும், விகுதிகளைப் பிரிக்கத் தெரிந்த இலக்கணம் வேண்டும். குணங்களின் பட்டியலையும் வெப்ஸ்டரிலிருந்து மொழிபெயர்க்காமல் நம் சொற்களிலிருந்து திரட்ட வேண்டும். அழுத்தக்காரர், வெள்ளந்தி, ஊமைக்குசும்பு, வீம்பு, வெகுளி, கறார்: இவை ஐந்து கட்டுகளுக்குள் அடங்குமா என்று எனக்கு அறிய ஆசை.

சென்ற மாதம் நான் பத்தாண்டுகளில் முகநூலில் எழுதியவற்றை இறக்கி வைத்துக்கொண்டு ‘நான்’ தேடினேன். சினிமா பற்றிய சண்டைகளில் நிறைய இருந்தது. அப்பா இறந்த வாரம் எழுதிய குறிப்புகளில் ஒன்றுகூட இல்லை. ‘பிரிக்காத மாத்திரை அட்டைகளை மருந்துக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். மின்கட்டணம் கட்டியாயிற்று. கைத்தடி பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு.’ அவ்வளவுதான் பதிவு. சோகம் என்று குறியிட ஒரு சொல் இல்லை, ‘ஏன்’ விகுதி இல்லை. முடித்த வேலைகளின் பட்டியல் மட்டும். பொறுப்புணர்வுக்கு எந்தக் கருவியும் நல்ல மதிப்பெண் போட்டிருக்கும், ஒருவேளை காப்பீட்டுச் சலுகைகூடக் கிடைத்திருக்கும். அன்று அதைப் படித்துவிட்டு அக்கா திருச்சியிலிருந்து கூப்பிட்டாள். பதிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ‘சாப்பிட்டியாடா?’ என்று கேட்டாள். சாப்பிட்டிருக்கவில்லை.